இரண்டு தாள், ஒரே தப்பு

நான் சந்தேகக்காரி. இதை ஒளித்துப் பிரயோஜனமில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பால் பொங்கினால் அடுப்பின் மேல் சந்தேகம், பொங்காவிட்டால் பால்காரர் மேல் சந்தேகம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுத் திருப்பதியில் இருக்கிறேன்.

போன வாரம் ஹரிணி போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். பயிற்சிக்கு வரும் பெண்கள் எல்லோரும் டேப்லெட்டில்தான் படிக்கிறார்களாம். தெரியாத இங்கிலீஷ் வார்த்தை மேல் விரலை வைத்தால் போதும், தமிழிலோ தெலுங்கிலோ அர்த்தம் வந்து நிற்கிறதாம். தேர்வும் அதிலேயே.

"ரெண்டு பேரு ஒரே தப்பு பண்ணியிருந்தா அதுவே செவப்புல காட்டிடும் மேடம். உங்களுக்கு இருந்த தலைவலி எங்களுக்கு இல்ல."

"காட்டினா என்ன பண்ணுவீங்க?"

"மெமோதான். வேற என்ன?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மெமோவை நான் ஒருமுறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஹரிணிக்குப் போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சித்தூரில் ஒரு டுடோரியலில் ஒன்பது வருடம் இங்கிலீஷ் எடுத்தேன். பரீட்சைக் காலத்தில் விடைத்தாள் திருத்தப் போவேன். அங்கேதான் என் கண் பழகியது. காப்பியடித்தவர்களைப் பிடிக்க எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சரியான விடை ஊருக்கெல்லாம் ஒன்றுதான். அது நாற்பது தாளில் ஒரே மாதிரி இருப்பதில் அதிசயமில்லை. தப்பு ஆளுக்கு ஒன்று. ஒரே தப்பு ரெண்டு தாளில் இருந்தால் ஒருவருடைய கண் இன்னொருவருடைய தாளுக்குப் போயிருக்கிறது. அங்கே இந்த விதி என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. உலகத்தில் நான் சந்தேகப்படாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

தொழிற்சாலைக்கு வந்தபோது அந்த விதியும் கூடவே வந்தது. எங்கள் பெண்கள் சின்னச் சின்னப் பாகங்களை சர்க்யூட் பலகையில் வைத்துப் பற்றவைப்பவர்கள். புத்தூர், நகரி, வடமாலபேட்டை, சத்தியவேடு பக்கம் எல்லாம் இருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பாதிப் பேருக்குத் தெலுங்கு. ஒரு பேச்சில் எது எங்கே முடிகிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் தொங்கும் வேலைத் தாள் இங்கிலீஷில்தான் இருக்கும். எங்கள் பலகைகளை வாங்குகிற கம்பெனிகளின் நிபந்தனை அது. அதனால் ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரு தேர்வு. வேலைத் தாளிலிருந்து ஒரு பக்கம் கொடுப்போம். அதில் இருபது வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருக்கும். அர்த்தத்தைத் தமிழிலோ தெலுங்கிலோ எழுத வேண்டும். பதினாலு வந்தால் வேலை நிரந்தரம். மூன்று வாய்ப்பு. மூன்றாவதும் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதைச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கும் எங்கள் மேனேஜர் சுதாகர் சாருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நான் இருநூறு வார்த்தைக்குப் பட்டியல் போட்டு அச்சடித்துக் கொடுத்துவிடுவேன். இந்தப் பக்கம் வார்த்தை, அந்தப் பக்கம் அர்த்தம். மனப்பாடம் செய்தாயா இல்லையா என்று ரெண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சுதாகர் சாருக்கோ பட்டியல் என்றாலே முகம் கோணும். வகுப்பு எடுக்க வந்தால் கரும்பலகையில் ஒரு முழு வாக்கியத்தை எழுதி, நடுவில் ஒரு வார்த்தையைக் காட்டி, "இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க. அந்த வரி வர்றப்போ உங்க கை என்ன பண்ணுது, அதையும் பாருங்க. அர்த்தம் தானா வஸ்துந்தி" என்பார். தானாக வருவதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஊகத்துக்கு மார்க் போட்டால் நாளைக்கு யார் எதை எழுதினாலும் ஊகம் என்பார்கள் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அவருடைய குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த அறிக்கையைக் கொண்டுபோனாலும் நின்றுகொண்டே ரெண்டு தடவை படிப்பார். பிறகு அதை மேஜை மேல் கவிழ்த்து வைப்பார். "காகிதம் வேண்டாம். நோட்டித்தோ செப்பண்டி" என்பார். வாயால் சொல்லுங்கள் என்று அர்த்தம். காகிதத்தில் எழுதியதில் எதையெல்லாம் நம்மால் வாயால் சொல்ல முடியவில்லையோ, அதையெல்லாம் பச்சைப் பேனாவால் அடித்துவிடுவார். கத்த மாட்டார், திட்ட மாட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

தேர்வு கேன்டீனில் நடக்கும். மேஜைக்கு ஒருவர். போன்களை வாங்கித் தட்டில் அடுக்குவேன். உள்ளங்கையை விரிக்கச் சொல்வேன். புடவைத் தலைப்பு, துப்பட்டா நுனி எல்லாம் பார்ப்பேன். பிறகு பின்னால் போய் நின்றுகொள்வேன். முன்னால் நிற்கிற ஆளை எல்லோரும் ஏமாற்றிவிடலாம். முதுகுக்குப் பின்னால் நிற்கிறவளை ஏமாற்ற முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும், அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். திருத்தும்போது தாள் தாளாகத் திருத்த மாட்டேன். எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாத் தாளிலும் ரெண்டாவது. தப்பான விடைகளைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வருவேன். அப்போதுதான் ஜோடித் தப்பு கண்ணில் படும்.

அந்த வருடம் பட்டது. ஒன்றல்ல, மூன்று.

தரையில் விழுந்த பாகங்களை என்ன செய்ய வேண்டும் என்ற வரியில் டிஸ்கார்ட் என்று இருந்தது. கழித்துவிடு என்று என் பட்டியலில் இருக்கிறது. ரெண்டு தாளில் மட்டும் "சிவப்பு டப்பாவில் போடு" என்று இருந்தது. அடுத்த வரி, அலாரம் இன்டர்மிட்டன்டாக அடித்தால் வேலையை நிறுத்தி, அட்ஜசன்ட் ஆளிடம் சொல்ல வேண்டும் என்பது. விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள என்று வர வேண்டும். அதே ரெண்டு தாள்களில் "பொய்யான" என்றும் "சீனியர்" என்றும் இருந்தது.

முதல் தாள் வடமாலபேட்டை கஸ்தூரியுடையது. ரெண்டாவது புத்தூர் முனிலட்சுமியுடையது.

கஸ்தூரிக்கு அது மூன்றாவது வாய்ப்பு. முப்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் இருந்தவள். சீசனில் மூன்று மாதம் வேலை, மற்ற மாதங்களில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கூலிக்குப் போக வேண்டும். புருஷனுக்கு மூட்டை தூக்கி இடுப்பு போயிருந்தது. வருடம் முழுக்க இருக்கும் வேலை என்பது அவர்கள் வீட்டில் யாரும் பார்க்காத ஒன்று. முதல் தேர்வில் ஒன்பது, ரெண்டாவதில் பத்து. இப்போது பதினாறு! தப்பு மூன்று முனிலட்சுமியோடு ஒன்றாக இருக்க, சரியான விடைகள் மட்டும் எங்கிருந்து குதித்தன? கேன்டீனில் ஒருத்தி இந்த மூலை, ஒருத்தி அந்த மூலை. பார்த்து எழுதியிருக்க வழியில்லை. அப்படியானால் கேள்வித்தாள் முன்னாலேயே வெளியே போயிருக்கிறது. யாரோ அரைகுறையாகத் தெரிந்தவர் விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஜெராக்ஸ் எடுத்த ஆளைச் சந்தேகப்பட்டேன். கேன்டீன்காரரைச் சந்தேகப்பட்டேன். மனதுக்குள் சுதாகர் சாரைக்கூட ஒரு நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்த்தேன்.

கஸ்தூரியை என் அறைக்குக் கூப்பிட்டேன். உட்காரச் சொல்லவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல மேடம். நானும் முனிலட்சுமியும் பஸ்ஸுல படிச்சிக்கினு வருவோம். அவ்ளோதான்."

"பட்டியலையா?"

"லிஸ்ட்ட ரெண்டு வாட்டி உருப்போட்டுப் பாத்துட்டேன் மேடம். மனசுல ஒண்ணும் நிக்கல. இந்த வாட்டி சாரு சொன்னா மாதிரி வேலைத் தாளயே படிச்சோம்."

"சரி. சிவப்பு டப்பான்னு எப்படி எழுதின?"

அதுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் கீழே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. மூன்று விதமாகக் கேட்டேன். அலாரத்தைப் பற்றிக் கேட்டபோது புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். முனிலட்சுமியைக் கூப்பிட்டேன். அவள் வந்த உடனே அழ ஆரம்பித்து, "கஸ்தூரிக்கா இன்னா சொல்லுச்சோ அதான் மேடம்" என்றாள். கஸ்தூரிக்கா எதுவுமே சொல்லவில்லையே!

எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். மெமோ எழுதினேன். தேர்வில் முறைகேடு, தேர்ச்சி ரத்து, வேலையிலிருந்து நிறுத்தப் பரிந்துரை. அப்படி ஒரு குறிப்பு ஏறிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தத் தொழிற்சாலையும் சேர்க்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அன்றைக்கு எனக்கு ஒருவிதத் திருப்திகூட இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சுதாகர் சார் ரெண்டு தடவை படித்தார். கவிழ்த்து வைத்தார்.

"நோட்டித்தோ செப்பண்டி வசந்தாகாரு."

சொன்னேன். தப்பு ஆளுக்கு ஒன்று என்ற விதியையும் சேர்த்து, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"பாகுந்தி, நல்லாயிருக்கு. அவங்களுக்கு விடை சொன்னது யாரு?"

"அது இன்னும் தெரியல சார்."

"ஏன் தப்பா சொன்னாங்க? ஏமாத்தறவங்க சரியான விடையைத்தானே கொண்டுவருவாங்க?"

"அரைகுறையா தெரிஞ்சவங்க யாரோ..."

"அந்த யாரோ ஏன் செவப்பு டப்பான்னு சொல்லணும்? பச்சை டப்பான்னு சொல்லக் கூடாதா?"

அவர் பச்சைப் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், ஆனால் அடிக்கவில்லை. "இந்தப் பதினோரு வருஷத்துல நீங்க லைன்ல உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் சொல்லிக் கொடுக்கிறவள். லைனில் எனக்கு என்ன வேலை? பார்வையிடப் போயிருக்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. உட்கார்ந்ததில்லை.

"நாளைக்கு ஒரு ஷிப்டு உக்காருங்க. ட்ரெய்னி ஸ்டூல்ல. அப்புறம் இதை அனுப்பலாம்."

அவர் யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு என்பதற்குள் தடயத்தை மறைத்துவிடுவார்களோ என்றும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

மறுநாள் காலையில் நீல அங்கியும் தலைக்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு மூன்றாம் லைனில், கஸ்தூரி அத்தனை மாதம் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் அன்று லைனுக்கு வரக் கூடாது என்று நானே நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்து ஸ்டூலில் ரேவதி. அந்த லைனில் பழைய ஆள். பயிற்சிக்கு வருகிற பெண் எப்போதும் சீனியர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். அதை எழுதி வைத்ததே நான்தான்.

அரை மணி நேரத்தில் என் இடுக்கியிலிருந்து ஒரு பாகம் நழுவித் தரையில் விழுந்தது. ரேவதி தன் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டினாள். மேஜைக்குக் கீழே ஒரு சிவப்பு டப்பா இருந்தது.

"அதுல போட்டுடுங்க மேடம். கடைசியா ஊதிட்டு, நல்லா இருக்கிறத எடுத்துக்குவோம்."

ஊதிவிட்டு எடுத்துக்கொள்வதா? தரையில் விழுந்ததை மறுபடி பலகையில் வைக்கவே கூடாது. எதிரே தொங்கிய தாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்து மணி சுமாருக்கு அலாரம் அடித்தது. பற்றவைக்கும் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் மின்விசிறிக்கு மேல் ஒரு சின்ன விளக்கு மின்னியது. கீ என்று ஒரு சத்தம், நின்றது. மறுபடி கீ. நான் எழுந்துவிட்டேன். அந்த லைனில் இருபது பேர். ஒரு தலைகூட நிமிரவில்லை.

"உக்காருங்க மேடம். விட்டுவிட்டு கத்தினா பொய்யி. சும்மா கத்திக்கினு இருக்கும். சேர்ந்தாப்புல கத்தினாத்தான் நிஜம்" என்றாள் ரேவதி.

நான் உட்கார்ந்தேன். எதிரே இருந்த தாளைப் படித்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். இன்டர்மிட்டன்ட் என்றால் பொய். அட்ஜசன்ட் ஆள் என்றால் சீனியர். டிஸ்கார்ட் என்றால் சிவப்பு டப்பா. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சுதாகர் சார் சொன்னபடி யார் படித்தாலும் அந்த மூன்று விடைதான் வரும். மற்றவர்கள் எல்லோரும் என் பட்டியலை மனப்பாடம் செய்து சரியாக எழுதிவிட்டு, லைனுக்கு வந்து தப்பாக வேலை செய்தார்கள். இந்த ரெண்டு பேர் மட்டும்தான் தாளையும் வேலையையும் சேர்த்துப் படித்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியது தப்பு என்றால், அது எங்கள் லைனின் தப்பு. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. சிவப்பு டப்பாவைப் பற்றிச் சொன்னால் ரேவதி மாட்டுவாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கஸ்தூரி தப்பித்திருப்பாள். அந்த மௌனத்தைத்தான் நான் குற்றமுள்ள நெஞ்சு என்று எழுதினேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் நேரே சுதாகர் சாரிடம் போனேன். அவர் கேட்பதற்கு முன்னாலேயே காகிதம் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெமோவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அவர் அடிக்கவில்லை, என்னையே கிழிக்கவிட்டார். பிறகு பராமரிப்பு ஆட்களைக் கூப்பிட்டார். மின்விசிறியின் பெல்ட் தேய்ந்து விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அலாரம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அத்தனை மாதமும் அந்த இருபது பேரும் அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். லைனை நிறுத்திச் சரி செய்தார்கள். ரேவதிக்கும் லைன் சூப்பர்வைசருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று.

அதோடு முடியவில்லை. நான் ஆரம்பித்து வைத்தது அவ்வளவு சீக்கிரம் முடியுமா? கஸ்தூரி திரும்பி வந்ததும் லைனில் யாரும் அவளோடு பேசவில்லை. பாஸ் ஆவதற்காக அவள்தான் மேலே போய்ப் போட்டுக் கொடுத்து, என்னை லைனுக்கு வரவைத்தாள் என்று பேச்சு. "சாப்பாட்டு மேஜையில தனியா உக்காந்து துன்னுது மேடம்" என்று முனிலட்சுமி வந்து சொன்னாள். ஷிப்டு மாறும் நேரத்தில் நான் மூன்றாம் லைனுக்குப் போய் நின்றேன்.

"கஸ்தூரி யாரைப் பத்தியும் எதுவும் சொல்லல. நான் மூணு விதமா கேட்டும் சொல்லல. ஸ்டூல்ல உக்காந்து பாத்தது நான், போய்ச் சொன்னது நான். கோவம்னா எம்மேல கோவப்படுங்க."

ரேவதி தன் குல்லாயைக் கழற்றினாள். "நீங்களாவும் இருக்கும்னு நெனச்சேன் மேடம்" என்றாள். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. பிறகு கஸ்தூரி பக்கம் திரும்பி, "துன்றதுக்கு வா" என்றாள்.

அடுத்த தேர்விலிருந்து விடைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டோம். எதைப் பார்த்து இந்த அர்த்தம் என்று நினைத்தாய் என்று அதில் எழுத வேண்டும். ஒரே தப்பு ரெண்டு தாளில் வந்தால் முதலில் அந்தக் கட்டத்தைப் படிப்போம். பிறகு லைனுக்குப் போவோம். ஹரிணி, உங்கள் டேப்லெட்டில் அந்தக் கட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்காது என்று சந்தேகம்.

கஸ்தூரிக்கு நிரந்தரக் கடிதம் கொடுத்த நாளையும் சொல்லிவிடுகிறேன். சுதாகர் சார் அறையில் என் கையாலேயே கொடுக்கச் சொன்னார். ரெண்டு பக்க இங்கிலீஷ் கடிதம். மற்றப் பெண்கள் எல்லாம் வாங்கிய உடனே எங்கே கையெழுத்து என்றுதான் கேட்பார்கள். அவள் நின்றபடியே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஆள்காட்டி விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. நாங்கள் காத்திருந்தோம். ரெண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இது இன்னா மேடம், லயபிள்?"

"வேலை நிமித்தமா வேற ஊர் கிளைக்கு உன்னை மாத்தலாம்னு அர்த்தம். மாத்தியே தீருவாங்கன்னு இல்ல. மாத்தினா நீ ஒத்துக்கணும்."

"சரி மேடம்" என்று தலையாட்டினாள். கையெழுத்துப் போடவில்லை. "தோ வந்துட்றேன் மேடம்" என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவின் மேஜை முன்னால் நின்று, அதே வரியில் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னார். அவள் மறுபடி ஒருதரம் அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அவரும் அதேதான் சொன்னாரு மேடம்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டாள்.

சுதாகர் சார் வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சந்தேகப்படாதே என்று அவளிடம் சொல்ல நான் யார்?